அணைத்த கம்ப்யூட்டரை எழுப்புவது எப்படி? வேக் ஆன் லேன்: ஓர் எளிய விளக்கம்

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை பாண்டியில். நடுவில் இருபது கிலோமீட்டர் சொச்சம். மதியம் மூன்று மணிக்கு ஆடிட்டர் போன் செய்து டேலி பேக்கப் கேட்கிறார். அது வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கிறது, கம்ப்யூட்டரோ அணைந்து கிடக்கிறது. "அதுக்கென்னங்க, வேக் ஆன் லேன்னு ஒண்ணு இருக்கு. ஒரு ஆப் போட்டா போதும், எங்கேர்ந்து வேணும்னாலும் ஆன் பண்ணிக்கலாம்" என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். ஆப்பை இறக்கி பட்டனைத் தொட்டால் 'அனுப்பியாயிற்று' என்று பச்சையில் வருகிறது. வீட்டில் ஒன்றும் நடப்பதில்லை.

பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று தப்பு இருக்கிறது. முதலாவது, ஆப். இந்த வேலையில் ஆப்புக்கு இருப்பது கடுகளவு பங்கு. இரண்டாவது, 'எங்கேர்ந்து வேணும்னாலும்'. லேன் என்றால் ஒரு வீட்டுக்குள், ஓர் அலுவலகத்துக்குள் அடங்கிய நெட்வொர்க். பெயரிலேயே எல்லை இருக்கிறது. மூன்றாவது, 'ஆன் பண்ணுவது'. வேக் என்றால் எழுப்புவது. தூங்குவதை எழுப்பலாம், செத்ததை எழுப்ப முடியாது. மூன்றாவதிலிருந்தே ஆரம்பிப்போம், அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாக விளங்கும்.

## அணைந்தது என்றால் எவ்வளவு அணைந்தது?

இரவு பத்து மணிக்கு ஒரு பழைய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்கெல்லாம் அணைந்தாயிற்று, எல்லாரும் உள்ளே தூங்குகிறார்கள். திண்ணையில் தாத்தா மட்டும் படுத்திருக்கிறார். தெருவில் வண்டி போகும், நாய் குரைக்கும், யாரோ யாரையோ கூப்பிடுவார்கள், அவர் அசையமாட்டார். தன் பெயர் காதில் விழுந்தால் மட்டும் எழுந்து உள்ளே போய் எல்லாரையும் எழுப்புவார்.

கம்ப்யூட்டரில் அந்தத் தாத்தா, நெட்வொர்க் கார்டு. லேன் கேபிள் செருகும் துளைக்குப் பின்னால் இருக்கும் சிப் அது. பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. ஷட் டவுன் கொடுத்தால் பிராசசர், மெமரி, ஃபேன் எல்லாம் நின்றுவிடும். ஆனால் கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற கரண்ட் பெட்டி, சுவரிலிருந்து கரண்ட் வரும்வரை ஒரு தனி ஒயரில் 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதைத்தான் ஸ்டாண்ட்பை பவர் என்பார்கள். வழக்கமான டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்ஸில் அது ஊதா நிற ஒயரில் வரும். பவர் பட்டனை லேசாகத் தொட்டதும் மெஷின் உயிர்பெறுவதும் இந்த 5 வோல்ட்டின் தயவால்தான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஷட் டவுன் செய்து ஒரு நிமிடம் கழித்து, கேபினட்டின் பின்புறம் லேன் துளையின் ஓரத்தில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். பச்சையிலோ ஆரஞ்சிலோ அது எரிந்தால் தாத்தா திண்ணையில் இருக்கிறார். இருட்டாக இருந்தால் அவரையும் உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று பொருள். எந்த ஆப்பாலும் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

நம் வீடுகளில் இதற்கு முதல் எதிரி சுவிட்ச் போர்டுதான். வேலை முடிந்தால் பிளக் பாயின்ட்டின் சுவிட்சையும் தட்டிவிடுவது நமக்குச் சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். "என்னமோ பின்னாடி பச்சையா லைட்டு எரிஞ்சிட்டே இருந்துச்சுடா, நான்தான் ஆஃப் பண்ணேன்" என்று அம்மா சொன்னால், பாண்டியிலிருந்து நீங்கள் அனுப்பும் அழைப்பைக் கேட்க வீட்டில் ஆளில்லை. அந்த சுவிட்சின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் இதைவிட மலிவான யோசனை வேறு இல்லை.

கம்ப்யூட்டர் ஓயும் நிலைகள் மூன்று. ஸ்லீப் நிலையில் திறந்திருந்த வேலையெல்லாம் மெமரியிலேயே இருக்கும். மெமரிக்கு மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருக்கும். பயாஸ் பக்கங்களில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த நிரல்தான் பயாஸ்) இதை எஸ்3 என்று குறிப்பார்கள். ஹைபர்நேட்டில் வேலையை டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு மெமரியையும் அணைத்துவிடும், அது எஸ்4. ஷட் டவுன் எஸ்5. மூன்று நிலையிலும் ஸ்டாண்ட்பை பவர் உண்டு. ஆனால் தாத்தாவைத் திண்ணையில் படுக்கச் சொல்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக பயாஸும் விண்டோஸும் முடிவு செய்கின்றன. செட்டிங்ஸ் வேலை என்று பின்னால் வருவதெல்லாம் இந்த முடிவை நமக்குச் சாதகமாக மாற்றுவதுதான்.

ஆக, இதுவரை: சுவரில் கரண்ட் இருந்தால் 'அணைந்த' கம்ப்யூட்டரிலும் நெட்வொர்க் கார்டு விழித்திருக்க முடியும். நாம் கூப்பிடுவது கம்ப்யூட்டரை அல்ல, அந்தக் கார்டை.

## எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

192.168.1.20 போன்ற ஐபி முகவரியைக் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஐபி முகவரி வாடகை வீட்டின் கதவிலக்கம் மாதிரி. கம்ப்யூட்டர் எழுந்து கேட்கும்போது ரவுட்டர் கொடுப்பது. நாளைக்கே வேறொன்றாக மாறலாம். தூங்கும் மெஷினுக்குத் தன் கதவிலக்கம் நினைவிருக்கும் என்று நம்ப முடியாது.

மாறாதது மேக் முகவரி. நெட்வொர்க் கார்டு தொழிற்சாலையை விட்டு வரும்போதே அதில் பொறிக்கப்படும் 6 பைட் எண் இது. பள்ளிக்கூட டி.சி.யில் எழுதுவார்களே அங்க அடையாளம், அது மாதிரி. வீடு மாறினாலும் மச்சம் மாறாது. பார்வைக்கு 02-11-22-33-44-55 என்று ஆறு ஜோடியாக இருக்கும். எண்களோடு ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் வரும்.

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்று போனால் 'ஃபிசிக்கல் அட்ரஸ்' என்ற வரியில் இருக்கும். ஒரே மெஷினில் வைஃபைக்கு ஒரு மேக், லேனுக்கு வேறு மேக். நமக்கு வேண்டியது லேனுடையது. அவசரத்தில் வைஃபை மேக்கை எழுதிக்கொண்டு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

## மேஜிக் பாக்கெட்: 102 பைட் தண்டோரா

கார்டை எழுப்பும் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர். 1990களின் நடுவில் ஏஎம்டியும் ஹெச்பியும் சேர்ந்து உருவாக்கிய உத்தி இது. 1997-இல் இன்டெல், ஐபிஎம் கூட்டணி இதையே வேக் ஆன் லேன் என்ற பெயரில் பரப்பியது. அன்றைய தேவை அலுவலகங்களுடையது: ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போனபின் நூறு மெஷினை எழுப்பி சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும். அனுப்புகிறவரும் கேட்கிறவரும் ஒரே கட்டடத்தில். இன்டர்நெட் வழியாக எழுப்புவது அவர்களுடைய திட்டத்திலேயே இல்லை.

பாக்கெட்டுக்குள் மந்திரம் ஏதும் கிடையாது. முதலில் 6 பைட், ஆறும் 255 என்ற மதிப்பு; மேக் எழுதும் பாணியில் அது எஃப்எஃப். ஊரைத் திரும்பிப் பார்க்கவைக்கத் தட்டும் பறை மாதிரி அது. அடுத்து நம் மேக் முகவரி, விடாமல் 16 முறை: 02-11-22-33-44-55, 02-11-22-33-44-55, 02-11-22-33-44-55... ஆறு பைட் பதினாறு முறை என்றால் 96. முன்னால் உள்ள 6 சேர்த்து 102 பைட். அவ்வளவே.

ஏன் பதினாறு முறை? தூங்கும் கார்டுக்கு வருவதைப் படித்துப் பொருள் கொள்ளும் அளவுக்கு மூளை வேலை செய்யாது. ஓடும் தகவலில் குறிப்பிட்ட ஒரு வடிவம் தட்டுப்படுகிறதா என்று மட்டும் பார்க்கும் எளிய சர்க்யூட்தான் விழித்திருக்கிறது. ஒருமுறை மட்டும் மேக் வந்தால் எழலாம் என்று வைத்தால், சாதாரணமாக அந்த மெஷினுக்கு வரும் எல்லாப் பாக்கெட்டிலும் அதன் மேக் இருக்கிறதே, நிமிடத்துக்கு ஒருமுறை எழ வேண்டியதுதான். பதினாறு முறை தொடர்ந்து வருவது தற்செயலாக நடக்காது.

இதை ஒரு ஐபிக்கு மட்டும் அனுப்ப முடியாது என்று பார்த்தோம். அதனால் லேனில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கத்திச் சொல்லும் முறை பயன்படுகிறது. அதற்குப் பெயர் பிராட்காஸ்ட். தண்டோரா போடுகிறவர் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டுவதில்லை, தெருமுனையில் நின்று சொல்வார்; யாருக்கானதோ அவர் கேட்டுக்கொள்வார். வீட்டு நெட்வொர்க் 192.168.1 என்று தொடங்கினால் தண்டோரா முகவரி பெரும்பாலும் 192.168.1.255. ஆப் 'பிராட்காஸ்ட் அட்ரஸ்' என்று கேட்கும் இடத்தில் இதைக் கொடுங்கள். போர்ட் எண் கேட்டால் 9 என்று போடுங்கள். 7 போட்டாலும் சரி. கார்டு அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றும் முக்கியம். தண்டோராவுக்குப் பதில் கிடையாது. 'கேட்டது', 'எழுந்துவிட்டேன்' என்று கார்டு ஒன்றும் சொல்லாது. ஆப்பில் பச்சையில் வரும் 'அனுப்பியாயிற்று', அனுப்பியதற்கு மட்டும்தான் சாட்சி. வாங்கிக்கொள்ள ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வரும். ஆப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பது ஏன் வீண் வேலை என்று இப்போது புரிந்திருக்கும்; எல்லா ஆப்பும் அனுப்புவது இதே 102 பைட்.

சுருக்கமாக: லேன் கார்டின் மேக் முகவரியைப் பதினாறு முறை அடுக்கி வீட்டு நெட்வொர்க் முழுக்கக் கேட்கும்படி அனுப்புவதுதான் வேக் ஆன் லேன். பதில் வராது. தெருவைத் தாண்டியும் போகாது.

## வீட்டில் தயார் செய்வது

முதலில் கேபிள். கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு லேன் ஒயர் போட்டே ஆக வேண்டும். ஷட் டவுன் ஆன மெஷினில் வைஃபை கார்டு பெரும்பாலும் சுத்தமாக அணைந்துவிடும். யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரையும் நம்பாதீர்கள். ஷட் டவுனில் பல மெஷின்கள் யூஎஸ்பி துளைக்குக் கரண்டை நிறுத்திவிடும். மாடியில் கம்ப்யூட்டர், கீழே ரவுட்டர் என்றால் கேட்-6 கேபிள் ஒன்றை இழுத்துவிடுவதுதான் வழி. தாமிர லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். எந்த வீட்டுக்கும் அது தாராளம்.

அடுத்தது பயாஸ். மெஷின் தொடங்கும்போது பெரும்பாலும் டெலீட் அல்லது எஃப்2 பொத்தானைத் தட்டினால் திறக்கும். ஒவ்வொரு கம்பெனியும் இந்த வசதிக்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதுதான் தலைவலி. அசூஸ் போர்டில் ஏபிஎம் கான்ஃபிகரேஷன் என்ற பக்கத்தில் 'பவர் ஆன் பை பிசிஐ-ஈ' என்றிருக்கும். எம்எஸ்ஐயில் 'ரெஸ்யூம் பை பிசிஐ-ஈ டிவைஸ்'. ஹெச்பி அலுவலக மெஷின்களில் 'எஸ்5 வேக் ஆன் லேன்'. டெல்லில் 'வேக் ஆன் லேன்' என்று நேராகவே இருக்கும், ஆனால் கூடவே 'டீப் ஸ்லீப் கன்ட்ரோல்' என்று ஒன்று உண்டு. அதை டிசேபிள் செய்யாவிட்டால் முன்னது ஆன் ஆகியும் பயனில்லை.

மற்ற போர்டுகளில் அந்த டீப் ஸ்லீப்பின் இடத்தில் 'ஈஆர்பி' என்று இருக்கும். அணைந்த சாதனம் அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற ஐரோப்பிய விதிக்காக வைத்தது இது. அந்த அளவுக்குள் அடங்க வேண்டுமென்றால் நெட்வொர்க் கார்டின் கரண்டைத்தான் முதலில் வெட்டும். ஈஆர்பி டிசேபிள் ஆகியே இருக்க வேண்டும். ஷட் டவுனில் லேன் விளக்கு இருட்டாக இருந்தால் நேராக இந்த இடத்துக்கு வாருங்கள்.

பிறகு விண்டோஸ். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதை விரித்து லேன் கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றிலும் டிக் வேண்டும். மூன்றாவது, 'மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும் எழுப்பு' என்று பொருள்படுவது. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விட்டால் ரவுட்டர் சும்மா நலம் விசாரித்தாலும் கம்ப்யூட்டர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்ளும், வீட்டில் பேய்க்கதை கிளம்பும். அடுத்து அட்வான்ஸ்டு பக்கத்தில் 'வேக் ஆன் மேஜிக் பாக்கெட்' எனேபிள். ரியல்டெக் கார்டாக இருந்தால் 'ஷட்டவுன் வேக் ஆன் லேன்' என்று இன்னொரு வரி இருக்கும், அதையும் எனேபிள் செய்யுங்கள்.

கடைசியாக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8-இலிருந்து ஷட் டவுன் கொடுத்தால் நிஜமாக ஷட் டவுன் ஆவதில்லை. பாதி ஹைபர்நேட் மாதிரி ஒரு கலப்பு நிலைக்குப் போகிறது. அந்தக் கலப்பு நிலையில் வேக் ஆன் லேனுக்கு ஆதரவில்லை என்பது மைக்ரோசாஃப்டின் நிலைப்பாடு. கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' என்று போய் 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். முழு ஷட் டவுனுக்கும் விண்டோஸ் உத்தரவாதம் தருவதில்லை; அங்கே வேலை செய்வது பயாஸின் தயவு, கார்டை இயக்கும் டிரைவர் நிரலின் தயவு. அதனால் எங்கள் கட்சி ஹைபர்நேட். ஷட் டவுன் அளவுக்கே கரண்ட் மிச்சம், விண்டோஸே கார்டைத் தயார்நிலையில் வைத்துவிட்டுத் தூங்கும், திறந்திருந்த டேலியும் அப்படியே திரும்ப வரும். ஸ்லீப்பும் நன்றாக எழும்தான். ஆனால் கரண்ட் ஒரு நொடி போனாலும் மெமரியில் இருந்த வேலை காலி.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஈதர்டூல் என்ற கருவியில் கார்டின் 'வேக்-ஆன்' வரியைப் பார்க்கலாம். அங்கே 'ஜி' என்ற எழுத்து இருந்தால் மேஜிக் பாக்கெட்டுக்குத் தயார். 'டி' இருந்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

## சோதிக்கும் வரிசை

எல்லா செட்டிங்ஸையும் மாற்றிவிட்டு நேராகப் பாண்டிக்குப் போய்ச் சோதிப்பது சமைத்ததை ருசி பார்க்காமல் பந்தியில் பரிமாறுவது மாதிரி. வீட்டிலேயே, போன் வைஃபையில் இருக்கும்போது, கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். எழுந்தால் கார்டும் மேக்கும் சரி. அடுத்து ஹைபர்நேட். ஸ்லீப்பில் எழுந்து ஹைபர்நேட்டில் எழாவிட்டால் குற்றவாளி பயாஸ் பக்கம் இருக்கிறார். அடுத்து ஒரு ராத்திரி முழுக்க விட்டு காலையில் எழுப்புங்கள். இந்த ராத்திரிச் சோதனையை யாரும் செய்வதில்லை; அணைத்த ஐந்து நிமிடத்தில் எழுந்தது மறுநாள் எழாமல் போவதற்குத் தனிக் காரணம் உண்டு, 'கரண்ட் போய் வந்தால்' என்ற பகுதியில் வருகிறது.

எழுந்த இரண்டாவது நிமிடத்தில் மறுபடி தூங்கிவிடுகிறதா? அது கோளாறு இல்லை. கீபோர்டைத் தொட ஆளில்லாமல் எழுந்த மெஷின் சுமார் 2 நிமிடம்தான் காத்திருக்கும். விண்டோஸின் பிறவிக் குணம் அது. அதற்குள் தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து மவுஸை அசைத்துவிட்டால் வழக்கமான நேரக் கணக்குக்குத் திரும்பிவிடும்.

## பாண்டியிலிருந்து ஏன் எழவில்லை?

வீட்டு நெட்வொர்க்குக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் ரவுட்டர் நிற்கிறது. வெளியே தெரிவது ரவுட்டரின் ஒரே ஒரு ஐபி. உள்ளே இருக்கும் போன், டிவி, கம்ப்யூட்டர் எல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால். வெளியிலிருந்து தானாக வரும் எதையும் ரவுட்டர் உள்ளே விடாது, யாருக்கு என்று அதற்குத் தெரியாது.

இணையத்தில் பலர் எழுதுவது: ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, 9-ஆம் எண்ணில் வருவதை 192.168.1.20-க்குத் தள்ளு. போர்ட் ஃபார்வர்டிங் என்றால், குறிப்பிட்ட எண்ணில் வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு மெஷினுக்குக் கொடு என்று ரவுட்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. அணைத்ததும் சோதித்தால் வேலை செய்யும். மறுநாள் செய்யாது. ஏனென்றால், 192.168.1.20 என்பது எந்த மேக் என்று ரவுட்டர் சிறிது நேரத்துக்கு மட்டும் நினைவில் வைத்திருக்கும். தபால்காரர் புதிது, ஆள் முகம் மறந்துவிட்டால் "இருபதாம் நம்பர் யாருங்க?" என்று தெருவில் கேட்பார். தூங்கும் மெஷின் பதில் சொல்லாது. கடிதம் குப்பைக்குப் போகும். தண்டோரா முகவரியான 255-க்கே தள்ளிவிடலாமே என்றால், பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் ஏற்காது. வெளியிலிருந்து வரும் தண்டோராவை ரவுட்டர்கள் உள்ளே விடக்கூடாது என்பதுதான் 1999 முதல் இணைய விதி. அதை வைத்துத் தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் தாண்டினாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. இப்போது பல பிராட்பேண்ட் இணைப்புகளில் ரவுட்டருக்கே தனி ஐபி தருவதில்லை. லைன் வீடு தெரியுமல்லவா, ஒரே கதவிலக்கம், உள்ளே பத்துக் குடித்தனம்? அது மாதிரி பல வீட்டு ரவுட்டர்களுக்கும் சேர்த்து கம்பெனி ஒரே பொது ஐபியைப் பங்கிடும். இதற்குப் பெயர் சிஜிநாட். ரவுட்டரின் செட்டிங்ஸில் வான் ஐபி என்று காட்டும் வெளிப்பக்க முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் நீங்கள் லைன் வீட்டில் குடியிருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் அதே கதைதான். அங்கே போர்ட் ஃபார்வர்டிங்குக்கு அர்த்தமே இல்லை. வாசற்கதவு உங்கள் கையில் இல்லை.

சொல்ல வருவது இதுதான்: தண்டோரா தெருவுக்குள்தான் கேட்கும். ஆகவே தெருவுக்குள் விழித்திருக்கும் ஒருவரிடம் போன் செய்து "கொஞ்சம் தண்டோரா போடுங்க" என்று சொல்ல வேண்டும்.

## வீட்டுக்குள் விழித்திருக்கும் ஆள்

அந்த ஆள் ரவுட்டராகவே இருக்கலாம். சில ரவுட்டர்களின் செட்டிங்ஸில் வேக் ஆன் லேன் பட்டனே உண்டு. அசூஸ், மைக்ரோடிக் ரவுட்டர்களிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் போட்ட ரவுட்டர்களிலும் பார்க்கலாம். பிராட்பேண்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பெட்டியில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

எல்லாருக்கும் பொருந்தும் வழி, சில வாட் மட்டும் இழுக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். அதை லேன் ஒயரில் ரவுட்டரோடு இணைத்து, 'வேக்ஆன்லேன்' என்ற சிறு நிரலை நிறுவி, டெய்ல்ஸ்கேல் போன்ற ஒரு விபிஎன்னையும் போட்டுவிடுங்கள். விபிஎன் என்றால் வெளியில் இருக்கும் போனையும் வீட்டில் இருக்கும் பையையும் பூட்டிய ஒரு தனிப் பாதையால் இணைப்பது. பை உள்ளேயிருந்து வெளியே போய் இணைப்பதால் சிஜிநாட் தடையாவதில்லை. பாண்டியிலிருந்து பைக்குள் நுழைந்து, மேக் முகவரியோடு அந்த நிரலை ஓட்டினால் தண்டோரா வீட்டுக்குள்ளேயே ஒலிக்கும்.

கம்ப்யூட்டரிலேயே டெய்ல்ஸ்கேல் போட்டிருக்கிறேனே, பை எதற்கு என்று கேட்கலாம். கம்ப்யூட்டர் தூங்கினால் அதிலிருக்கும் விபிஎன்னும் தூங்குகிறது. பழைய ஆண்ட்ராய்ட் போன் ஒன்றைச் சார்ஜரில் போட்டு இதே வேலையைச் செய்ய வைக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் செருகியே கிடக்கும் பேட்டரி உப்பும் அபாயம் உண்டு. வைஃபை வழியாக அனுப்பும் எந்தச் சாதனத்துக்கும் 'கெஸ்ட்' நெட்வொர்க் ஆகாது, அது லேனிலிருந்து பிரிக்கப்பட்டது.

வெளியிலிருந்து சோதிக்கும்போது போனின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடியே 'வெளியிலிருந்தும் எழுகிறது' என்று சந்தோஷப்படுவது வழக்கமான ஏமாற்றம்.

எழுப்புவது ஒன்று, எழுந்தபின் உள்ளே நுழைவது வேறு. விண்டோஸ் ஹோம் பதிப்பில், தொலைவிலிருந்து திரையை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரும் உள்ளே வர முடியாது, ப்ரோ வேண்டும். ஹோம் வைத்திருப்பவர்களுக்கு ரஸ்ட்டெஸ்க், க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை போதும். எதுவானாலும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடாதீர்கள். அதைத் தேடி இரவு பகலாகக் கதவு தட்டிக்கொண்டிருக்கும் நிரல்கள் இணையத்தில் ஏராளம். மேஜிக் பாக்கெட்டுக்குப் பெரும்பாலும் கடவுச்சொல் கிடையாது என்றாலும் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வீட்டு லேனில் நுழைந்தவர் கம்ப்யூட்டரை எழுப்பலாமே தவிர அதனாலேயே உள்ளே வர முடியாது.

## இவ்வளவு பாடு எதற்கு?

கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டால் என்ன? சும்மா இருக்கும் டெஸ்க்டாப் 50 வாட் இழுக்கிறது என்று வைப்போம். நாளுக்கு 1.2 யூனிட், 60 நாளில் 72 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக்கினார்கள். அந்த நூறில் ஏறக்குறைய முக்கால்வாசியை ஆளில்லாத கம்ப்யூட்டர் தின்றுவிடும். தூங்கும் மெஷின் 2 வாட், பை 4 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து 60 நாளில் 9 யூனிட்டுக்குக் கீழே. பாண்டியில் மின்துறை வேறு, கட்டணம் வேறு. யூனிட் கணக்கு இதேதான்.

## கரண்ட் போய் வந்தால்

நம் கடலோரத்துக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். கரண்ட் போனால் ஸ்டாண்ட்பை பவரும் போகிறது. திரும்பி வரும்போது 5 வோல்ட் வந்துவிடும், ஆனால் 'திண்ணையில் படு' என்று விண்டோஸ் கார்டுக்குச் சொல்லியிருந்தது அழிந்திருக்கும். சில போர்டுகளில் பயாஸே மறுபடி சொல்லும், சிலவற்றில் சொல்லாது. நேற்று வரை எழுந்த மெஷின் இன்று எழவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ராத்திரி கரண்ட் போச்சா?

இதற்கு ஒரு தந்திரம் உண்டு. பயாஸில் 'ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' அல்லது 'ஏசி பேக்' என்ற வரியை 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள். கரண்ட் வந்ததும் மெஷின் தானே கிளம்பும். விண்டோஸில் 20 நிமிடம் சும்மா இருந்தால் ஹைபர்நேட் ஆகும்படி வைத்துவிட்டால், எழுந்து, கார்டைத் தயார் செய்துவிட்டு, மறுபடி தூங்கிவிடும். கரண்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் வரும் நாளில் இது மெஷினுக்கு நல்லதல்ல; கம்ப்யூட்டருக்கு ஒரு யூபிஎஸ் வேண்டும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் பையையும் மறந்துவிடாதீர்கள்: அவற்றுக்குக் கரண்ட் இல்லாவிட்டால் தண்டோரா போட ஆளில்லை.

உப்புக்காற்று இன்னொன்று. கடலுக்குப் பக்கத்து வீடுகளில் மலிவான லேன் பின்களின் முனை சில வருடத்தில் கறுத்து, பச்சை பூத்துவிடும். ஓடும்போது இணைப்பு இருப்பது போலவே தெரியும், அவ்வப்போது விட்டுவிட்டு அறுந்துகொண்டிருக்கும். தூங்கும் கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தை 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிக்கொள்வது வழக்கம். அந்த மாற்றத்தின்போது பலவீனமான தொடர்பு சில நேரம் தாக்குப்பிடிக்காமல் போகலாம். 10 எம்பிபிஎஸ்ஸை ஏற்காத சில புதிய நெட்வொர்க் ஸ்விட்சுகளிலும் இதே அறிகுறி வரும். விண்டோஸ் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'வோல் அண்ட் ஷட்டவுன் லிங்க் ஸ்பீட்' என்ற வரியை 'நாட் ஸ்பீட் டவுன்' என்று மாற்றிப் பாருங்கள். சரியாகாவிட்டால் பின்னை வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.

புயல் நேரத்தில் இதையெல்லாம் மறந்துவிட வேண்டும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரை பார்த்திருக்கிறது. எச்சரிக்கை வந்தால் பிளக்கையும் லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் இடியைக் கடத்தாது, ரவுட்டரின் அடாப்டரும் செம்புக் கேபிளும் கடத்தும். மழை ஓய்ந்து மறுபடி செருகும்போது கையால் ஒருமுறை பவர் பட்டனை அழுத்தி, விண்டோஸ் முழுதாக வரும்வரை இருந்து, ஹைபர்நேட் கொடுங்கள். பிறகு கேபினட்டின் பின்னால் குனிந்து அந்தச் சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள்.